ஒன்பதாவது கேள்வி

எங்கள் குழந்தைகள் நல அலுவலகத்தின் படிவத்தில் மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். அவற்றில் ஒன்பதாவது கேள்விக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. ‘வீட்டில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை.’ ஒரு பிள்ளை என்றால் பூஜ்யம். இரண்டு, மூன்று என்றால் ஒரு மதிப்பெண். நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் மூன்று. பரீட்சை மாதிரி இல்லை இது, கூடினால் ஆபத்து. ஒரு வீட்டில் பிள்ளைக்கு அடியோ, பட்டினியோ, யாரும் கவனிக்காத நோயோ நேருமா என்று அளந்து பார்க்கும் கணக்கு. கூட்டுத்தொகை பத்தைத் தொட்டால் அந்தப் பிள்ளையை ஒரு வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும், மாதம் ஒருமுறை நாங்கள் வீட்டுக்குப் போயாக வேண்டும். பத்துக்குக் கீழே என்றால் கோப்பை மூடிக் கட்டி வைத்துவிடலாம்.

நான் ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. அந்தக் கேள்வியைப் படிக்கும்போதெல்லாம் யாரோ என் அம்மாவைப் பார்த்து, உனக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்பதுபோல எனக்குச் சுருக்கென்று இருக்கும். எங்கள் மேலாளருக்கு ஒரே மகள். அவளுக்கு முதல் பல் முளைத்த கதையை அலுவலகமே ஒரு மாதம் உட்கார்ந்து கேட்டது. இந்த மாதிரி ஆட்கள்தான் இந்தப் படிவத்தை எழுதியிருப்பார்கள் என்பது என் தீர்மானம். ஒன்பது பேர் ஒரே பாயில் கால்மாடு தலைமாடாகப் படுத்து எழுந்தால் என்னவென்று அவர்களுக்கு என்ன தெரியும்?

எங்களை வளர்த்தது பெரியக்கா. அம்மாவுக்கு வேலை, அப்புறம் பிரசவம், மறுபடி வேலை. எனக்குத் தலை வாரியது, பாடம் சொல்லிக் கொடுத்தது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் பெரியக்காதான். அம்மா என்னைத் தொட்டு அடித்ததில்லை. அக்காவும் அடித்ததில்லை. இதை நான் சந்தர்ப்பம் கிடைத்த இடத்திலெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன். இரண்டு முறை சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டேன். இந்த முறை சொல்லி முடித்துவிட வேண்டும்.

புகார் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. முதல் வகுப்பு ஆசிரியை நான்கே வரி எழுதியிருந்தார். ஐந்து வயதுப் பெண் குழந்தை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருநாள் கன்னத்தில் விரல் பதிந்த தடம் இருந்தது. விசாரிக்கவும். அந்த விரல் தடம் எவ்வளவு பெரியது என்று நான் ஆசிரியையிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கைத் துளைத்தது. வாசலில் செருப்புகள் பெரியதிலிருந்து சிறியது வரை அளவுப்படி ஒரே நேர்கோட்டில் இருந்தன. அதைப் பார்த்தவுடனேயே பாதி மனசு அந்த வீட்டின் பக்கம் சாய்ந்துவிட்டது. எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கிறேன்! ஒற்றைப் பிள்ளை இருக்கிற வீட்டிலேயே ஒரு செருப்பு வாசலில் கிடக்கும், இன்னொன்று கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

அப்பா கான்கிரீட் கலவை லாரி ஓட்டுகிறவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து தூங்கிவிட்டுப் போவார். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் கொதிநீரிலும் நீராவி இஸ்திரியிலும் நின்று அவள் கைகள் வெந்து வெளுத்துப் போயிருந்தன. அன்றைக்கு மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“உக்காருங்க மேடம். என்ன கேக்கணுமோ பெரியவளைக் கேளுங்க. எனக்கே தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும்.”

பெரியவள் வந்து நின்றாள். பதினோரு வயது. இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு ஐந்து வயதுக்காரி. பெரியவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை, ஆனால் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை.

“உங்க வீட்ல பிள்ளைங்க மொத்தம் எத்தனை பேரும்மா?” என்றேன்.

“ஆறு பேர் மேடம்.”

“ஆறா? எங்க கோப்புல ஏழுன்னுல்ல போட்டிருக்கு?”

அவள் விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். “ரெண்டாவது, மூணாவது, நாலாவது, மகாராணி, ஆறாவது, பாப்பா. ஆறு.”

“சரியாப் போச்சு. உன்னை யாரு எண்ணுவாங்க?”

நானும் அவள் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். பெரியவள் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். கணக்கில் கோட்டைவிட்ட வெட்கம் என்று நினைத்தேன்.

மகாராணி என்பது காலைக் கட்டிக்கொண்டிருந்த ஐந்து வயதுக்காரி. புகாரில் இருந்தவள். “நூறு தரம் கூப்பிட்டாத்தான் மேடம் இவ திரும்பியே பார்ப்பா. அப்பவும் மனசு வச்சாத்தான். அதான் மகாராணி,” என்றாள் அம்மா. அதற்கும் சிரித்தோம். அந்த வீட்டில் நான் அன்று நிறையச் சிரித்தேன்.

பிள்ளைகளின் சட்டைக் காலரில் வண்ண நூலால் சின்னதாகத் தையல் போட்டிருந்தது. என்னவென்று கேட்டேன். அம்மா உற்சாகமாகிவிட்டாள். சலவைக்கூடத்தில் எந்த விரிப்பு எந்த வார்டுடையது என்று தெரிய ஓரத்தில் நூல் போடுவார்களாம். சிவப்பு பிரசவ வார்டு, நீலம் அறுவை சிகிச்சை என்று. அதே வழியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். பெரியவளுக்கும் மகாராணிக்கும் பாப்பாவுக்கும் சிவப்பு. இரண்டாவதுக்கும் நாலாவதுக்கும் நீலம். மூன்றாவதுக்கும் ஆறாவதுக்கும் பச்சை. ஒரே நிறத்தில் மூத்தது எதுவோ அதுதான் சின்னதுக்குப் பொறுப்பு. குளிப்பாட்ட, ஊட்ட, பள்ளிக்கூடம் கூட்டிப்போக.

“சின்னது எது தப்புப் பண்ணாலும் அதே நூல் போட்ட மூத்தது பெரியவகிட்ட பதில் சொல்லணும். பெரியவ எங்கிட்ட பதில் சொல்லணும். அவ்வளவுதான் மேடம், நான் ஒருத்திகிட்டதான் பேசுவேன்.”

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. எங்கள் அலுவலகத்தில் பதினான்கு பேர் இருக்கிறோம், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

பிள்ளைகளை அம்மா இல்லாத இடத்தில், ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும் என்பது விதி. மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்துகொண்டேன். பெரியவள் ஒவ்வொருவராகக் கூட்டிவந்து விட்டாள், முடிந்ததும் கூட்டிப்போனாள். மருத்துவமனையில் டோக்கன் கூப்பிடுவதுபோல ஒழுங்காக நடந்தது.

“அம்மா அடிப்பாங்களா?”

“இல்ல.”

“அப்பா?”

“அப்பா தூங்குவாரு.”

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஆறாவது என்று எல்லாரிடமும் அதே பதில். பொய் சொல்லும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். கண் வேறு எங்கோ போகும், பதில் கேள்விக்கு முன்னால் வந்துவிடும். இவர்கள் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சத்தியம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மகாராணி மட்டும் தனியாக உட்கார மறுத்தாள். பெரியவள் அவளை மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தையின் இடது காதில் பஞ்சு வைத்திருந்தது.

“காதுல என்ன?”

“குளிக்கும்போது தண்ணி போகாம இருக்க வச்சேன் மேடம்,” என்றாள் பெரியவள்.

எங்கள் அக்காவும் எனக்கு அப்படிப் பஞ்சு வைப்பாள். எனக்கு உள்ளே நெகிழ்ந்துவிட்டது. பஞ்சை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

“மகாராணிக்கு என்ன வயசு?” என்றேன். குழந்தை என் வாயையே பார்த்துவிட்டுத் தலையை இல்லை என்று ஆட்டியது. “அம்மா அடிப்பாங்களா?” இல்லை என்று ஆட்டியது. “மிட்டாய் வேணுமா?” அதற்கும் இல்லை என்றே ஆட்டியது. மிட்டாய் வேண்டாம் என்று சொல்கிற குழந்தையை உலகத்தில் எங்கே பார்த்திருக்கிறேன்? வெட்கம் என்று எழுதிக்கொண்டேன். கன்னத்தில் தடம் எப்படி வந்தது என்று பெரியவளைக் கேட்டேன். கட்டிலில் இடித்துக்கொண்டாள் என்று சொன்னாள். அவள் கண்ணை நான் பார்க்கவில்லை, அப்போது குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். தகவல் சொல்கிற பொறுப்பான ஆளின் கண்ணை யார் உற்றுப் பார்ப்பார்கள்?

கடைசியாகப் பாப்பாவைப் பார்த்தேன். கைகால்களைத் திருப்பிப் பார்த்தேன், காயமில்லை. படிவத்தை மூடினேன்.

பெரியவள் போகாமல் நின்றாள். “அவ்வளவுதானா மேடம்? எல்லாரையும் கேட்டாச்சா?”

“ஆச்சுடா கண்ணு.”

அவள் பாப்பாவை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அப்புறமும் நின்றாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல மேடம்.”

“நீ மட்டும் இல்லன்னா இந்த வீடு என்ன ஆகும்!” என்று சொல்லி அவள் கன்னத்தைத் தட்டினேன். தட்டக் கை ஓங்கியபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கூச்ச சுபாவம் என்று எண்ணிக்கொண்டேன். வக்கணையாக எண்ணிக்கொள்ள எனக்குச் சொல்லியா தர வேண்டும்?

அலுவலகத்துக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். பதினொன்று வந்தது. அதில் மூன்று, அந்த ஒன்பதாவது கேள்வியிலிருந்து வந்தது. படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ‘அலுவலர் கருத்து’ என்று ஒரு கட்டம் உண்டு. தகுந்த காரணம் எழுதினால் மூன்று மதிப்பெண் வரை குறைக்கலாம். நான் எழுதினேன்: ‘பிள்ளைகள் அதிகம் என்பது இந்த வீட்டின் குறை அல்ல, பலம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள இவர்களிடம் நல்ல ஏற்பாடு இருக்கிறது.’

எட்டு. கோப்பை மூடிக் கட்டினேன். அன்று சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது அந்த வாக்கியத்தை மேலாளரிடம் சொல்லிக்கூடக் காட்டினேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு எண்ணம்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது.

மகாராணிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நான்காம் நாள் காலை கண் செருகி, கைகால் இழுத்திருக்கிறது. அம்மா வேலைக்குப் போய்விட்டாள். பெரியவள் தங்கையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, ஒன்றரை மைல் நடந்து, நேராக மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். அவசரப் பிரிவுக்குப் போகவில்லை, பின்பக்கம் இருக்கிற சலவைக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். பதில் சொல்ல வேண்டியது அம்மாவிடம்தானே. நீராவிக்கு நடுவில், அழுக்கு விரிப்புக் குவியலின்மேல் குழந்தையைக் கிடத்திவிட்டு, “அம்மா, இவ கூப்பிட்டா முழிக்க மாட்டேங்கறா,” என்று சொன்னாளாம்.

நான் போனபோது குழந்தை உள்ளே இருந்தது. மருத்துவர் என்னை நடைவழியில் நிறுத்தினார். வயது குறைவான பெண், கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினாள்.

“காது ஜவ்வு ரெண்டு பக்கமும் கிழிஞ்சிருக்கு. ஒரே அடியில இல்ல, பல தடவை அறைஞ்சிருக்காங்க. உள்ளே சீழ் பிடிச்சு, ரொம்ப நாளா வடிஞ்சிட்டிருந்திருக்கு. அது மூளை உறை வரைக்கும் போயிடுச்சு.”

“பிழைச்சிடுமா?”

“பிழைச்சிடும். கேக்கறது திரும்பாது. ரெண்டு காதுலயும்.”

கேட்டே தீர வேண்டிய கேள்வியைக் கேட்டேன். “எப்ப கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்?”

“ஒரு நாலு மாசம் முன்னாடின்னா சொட்டு மருந்துலயே சரியாயிருக்கும்,” என்றாள்.

கோப்பைக் கட்டி வைத்த நாளிலிருந்து மாதங்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

பெரியவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்றும் இல்லாமல் அவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் கேட்டவுடனேயே ஒப்புக்கொண்டுவிட்டாளாம். யாரும் மிரட்டவில்லை, உருட்டவில்லை.

“நான்தான் அடிச்சேன். கூப்பிட்டா வரமாட்டா. எத்தனை தரம் கூப்பிட்டாலும் வரமாட்டா.”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முழுக்கதையும் வெளியே வந்தது. முதல் அறை எதற்கு விழுந்தது என்று அவளுக்கே ஞாபகமில்லை. அந்த அறையில் ஒரு காது கெட்டிருக்கிறது. அதற்கப்புறம் கூப்பிட்டால் குழந்தைக்குக் கேட்கவில்லை. வரவில்லை என்று இன்னொரு அறை. அதில் இன்னும் கொஞ்சம் கெட்டது. இன்னும் கேட்கவில்லை, இன்னும் அறை. ஏழு பிள்ளைகள் கத்துகிற சின்ன வீட்டில் ஒன்றுக்குக் காது கேட்கவில்லை என்பது எப்படித் தெரியும்? எல்லாருக்கும் அவள் திமிர் பிடித்த மகாராணி. சீழ் வடியத் தொடங்கியபோது பெரியவள் பயந்துபோய்ப் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறாள். அம்மாவுக்குத் தெரிந்தால் தொலைந்தாள். அவள் சிவப்பு நூல், அவளுடைய பொறுப்பு.

விசாரணை எங்கள் அலுவலகத்தின் பெரிய அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளரோடு சேர்த்து மூன்று அதிகாரிகள். இந்தப் பக்கம் அந்த அம்மா, தள்ளி நான். அவள் வேலை உடையிலேயே வந்திருந்தாள். அடிப்பீர்களா என்று கேட்டதற்கு, இல்லை என்று முதலில் சத்தியம் செய்தாள். மறுபடியும் கேட்டார்கள்.

“சின்னதுங்க மேல என் கை பட்டதில்ல சார். வேணும்னா கேட்டுப் பாருங்க. பெரியவளை மட்டும்தான்.”

“எதுக்கு?”

“யாரு எது பண்ணாலும் அவளைத்தான். ஏழு பேரையும் நான் அடிக்க முடியுமா? பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வரேன், எனக்கு ஏது தெம்பு? ஒருத்தியை அடிச்சா மத்ததை எல்லாம் அவ பாத்துக்குவா.”

அவள் அதை ஒளிக்கவில்லை. வீட்டு வேலையைச் சுருக்கிக்கொண்ட விதத்தைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அவளைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம்போல எனக்கு வந்தது. அவளுடைய வெந்த கைகளைப் பார்த்தபோது அதுவும் முடியவில்லை. என்னை யார் கழுத்தைப் பிடிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

மேலாளர் என்னுடைய படிவத்தைப் பிரித்தார். முதலில் அந்த வாக்கியத்தை வாசித்தார். பலம் என்ற சொல் வரும்போது அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அப்புறம் பிள்ளைகளின் பட்டியல் இருக்கும் பக்கத்துக்குப் போனார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. ‘பெற்றோர் அடிப்பார்களா’ என்ற கட்டத்துக்கு நேரே இரண்டாவது பிள்ளை இல்லை, மூன்றாவது இல்லை, நான்காவது இல்லை, ஐந்தாவது இல்லை என்று வாசித்துக்கொண்டே வந்தார். ஐந்தாவதின் இல்லையை நான் மட்டும்தான் அறிவேன். அந்தக் குழந்தைக்கு என் கேள்வியே கேட்கவில்லை. அசைந்த வாயைப் பார்த்துத் தலையை ஆட்டியிருக்கிறது. மிட்டாயையே வேண்டாம் என்று சொன்னபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

“முதல் பிள்ளைக்கு நேரா ஒண்ணும் இல்லையே,” என்றார் மேலாளர். “ ‘தகவல் தந்தவர்’னு மட்டும் எழுதியிருக்கீங்க. அந்தப் பொண்ணை நீங்க கேக்கலையா?”

நான் எட்டி அந்த வரியைப் பார்த்தேன்.

“ஏழு பிள்ளைங்க. ஆறு பேருக்குத்தான் எழுதியிருக்கு. ஏன்?”

என்ன சொல்வது? அக்கா என்பவள் பிள்ளை என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று சொல்வதா? அந்தப் பெண் விரல் விட்டு ஆறு என்று எண்ணியபோது கேலி செய்து சிரித்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து நானும் அதே ஆறைத்தான் எண்ணினேன் என்று சொல்வதா? ஒற்றை மகளுக்குப் பல் முளைத்ததை ஒரு மாதம் சொன்ன அந்த மனிதருக்கு, ஒரு வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று என்னைவிடச் சரியாக எண்ணத் தெரிந்திருந்தது. “விட்டுப்போச்சு சார்,” என்றேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். அவ்வளவுதான். ஆனால் பெரியவளுக்கான தாளில் ‘தீங்கு செய்தவர்’ என்ற கட்டத்தில் குறி போட்டார்கள். ‘தீங்குக்கு உள்ளானவர்’ என்ற கட்டத்திலும் போடச் சொல்லி நான் மன்றாடினேன். ஒரு நிகழ்வில் ஒருவருக்கு ஒரு குறிதான் என்றார்கள். அவளைத் தனியாக, பெரிய பெண்கள் இருக்கும் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். சின்னப் பிள்ளைகள் பக்கம் அவளை விடக்கூடாது என்பது உத்தரவு. மற்றவர்களை மூன்று வெவ்வேறு இடங்களில் வைத்தார்கள். அவர்கள் சட்டைக் காலரில் நூல் அப்படியே இருந்தது. அந்த அம்மா சலவைக்கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். அப்பா வந்து, யாருமில்லாத வீட்டில் இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போனார் என்று டயர் கடைக்காரர் சொன்னார்.

ஒரு மத்தியானம் அலுவலக மாடிக்குப் போய்ப் பெரியக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவளுக்கு இப்போது அறுபது நெருங்குகிறது.

“அக்கா, அம்மா உன்னை அடிப்பாங்களா?”

“என்னடி குட்டி, திடீர்னு?”

“சொல்லுக்கா.”

“உனக்குத் தெரியாதா? கண்ணாடி ஜாடியை உடைச்சது நீ. பெல்ட்டால வாங்கினது நான். நீ கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டுதானே இருந்த.”

“எனக்கு ஞாபகமே இல்லையேக்கா.”

“உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? வலிச்சது எனக்கு.” அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை.

“நீ எங்களை ஒரு அடி கூட அடிச்சதில்ல. எல்லார்கிட்டயும் நான் சொல்லுவேன்.”

“உன்னை அடிச்சதில்ல,” என்றாள் அக்கா. பிறகு, “எட்டாவது ஏன் எந்த விசேஷத்துக்கும் வரமாட்டேங்கறான்னு என்கிட்டயே கேப்பீங்களே எல்லாரும். நான் என்னன்னு சொல்றது?” என்றாள். அவள் அழுகிறாள் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. நான் ஆறுதல் சொல்லவில்லை. அதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

மறுவாரம் பெரியவளைப் பார்க்கக் காப்பகத்துக்குப் போனேன். புதிய படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, அதை யாரும் கோப்பில் சேர்க்கப்போவதும் இல்லை.

நீளமான கூடத்தில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு துவாலை இருந்தது. அதை மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“பாப்பா பால் குடிக்குதா மேடம்? கவுத்துப் போட்டுத் தட்டினாத்தான் தூங்கும். அவங்களுக்குத் தெரியுமா?”

“சொல்றேன்டா.”

“ஆறாவது தனியா படிக்கட்டு இறங்க மாட்டான்.”

“அதையும் சொல்றேன். உக்காரு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.” எத்தனையோ வீட்டில் எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்ட கேள்விதான். “அம்மா உன்னை அடிப்பாங்களா?”

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். வேறு யாரையோ கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள். பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்ததும், “என்னையா?” என்றாள்.

“உன்னைத்தான்.”

அவள் சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். தோளுக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி முனையின் தடம் இரண்டு, ஆறிப் பழசாகி இருந்தன. அன்றைக்கு மாடிப்படியில் அவள் நின்ற இடத்துக்கும் என் பேனாவுக்கும் ஒரு முழ தூரம்கூட இல்லை. நான் எழுதினேன். எழுத்து கலங்கியது, ஆனாலும் எழுதினேன். அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டு மறுபடி துவாலையை எடுத்துக்கொண்டாள்.

“மகாராணிக்கு இனிமே ஒண்ணுமே கேக்காதா மேடம்?”

பொய் சொல்லியிருக்கலாம். “கேக்காதும்மா,” என்றேன்.

அவள் துவாலையை நான்காக மடித்து மடியில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“அது எல்லாருக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப கூப்பிட்டு வரலன்னா இனிமே யாரும் அவளை அடிக்க மாட்டாங்க, இல்ல?”

“மாட்டாங்க,” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அந்த ஒரு விஷயமாவது சரியாயிற்று என்பதுபோலத் துவாலையைப் பிரித்து மறுபடியும் மடிக்கத் தொடங்கினாள்.